தேன் தராத தேனீ

தேனீ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நமது நெஞ்சில் முதற்கண் எழுவது தேனேயாம். வன்னி நாட்டிற் பிறந்து வளர்ந்தவர்க்கு இது மிகவும் பொருந்தும். பாலையும் முதிரையும் ஓங்கிய காட்டினூடே வைகறையிற் புறப்பட்டு, மரப்பொந்திலும் கொம்பிலும் வதை கண்டு, புகையிட்டுத் தேனெடுத்து மாலையில் மீளும் முதியோரை நம்மிற் பலர் சிறுபருவத்திற் கண்டிருப்போம். அவர் கொணர்ந்த தேனைப் போத்தலில் இட்டு, மருந்துக்கென ஒரு மூலையில் வைத்துப் போற்றாத வீடு அக்காலத்தில் அரிது.

அங்ஙனம் தேனுக்குப் பேர்போன நாட்டிலே நின்று, தேனீக்களுட் பெரும்பாலானவை மனிதருக்கு ஒரு துளித் தேனும் தருவனவல்ல என்று ஒருவன் கூறின், கேட்போர் அவனை ஐயுறவே செய்வர். ஆயினும் உண்மை அதுவேயாம். 2006ஆம் ஆண்டு வெளிவந்த பட்டியலொன்று இலங்கைத் தேனீக்களை 148 இனங்களாகக் கணக்கிடுகின்றது. அவற்றுள் நாம் தேன் பெறுவது பெருந்தேனீ, பொந்துத் தேனீ, கொம்புத் தேனீ ஆகியவற்றிடத்தும், கொட்டுதலறியாத கொசுத் தேனீயிடத்துமே. எஞ்சிய நூற்றுக்கு மேற்பட்ட இனங்களுள் மிகப் பல தனித்து வாழ்வன. அவற்றுக்கு அரசி இல்லை, ஏவலர் இல்லை, வதையும் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தானே தாய். வீடு கட்டும் மேசனும் தானே. உணவு தேடுபவளும் தானே. அத்தகையனவற்றுள் ஒரு சாதியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

உயிரியலார் இச்சாதிக்கு இட்ட பெயர் மெகாக்கைலி என்பது. 1802ஆம் ஆண்டில் இலத்திரேயி என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்ட பெயர் அது. கிரேக்க மொழியில் மெகா எனிற் பெரிது. கைலோசு எனின் உதடு. ஆகவே பேருதடு என்று தமிழ்ப்படுத்தின் பிழையாகாது. உலகெங்கணும் 1,500க்கு மேற்பட்ட இனங்கள் இச்சாதியில் அடங்கும். இவற்றுள் ஒரு சாரார் இலையை வெட்டி அறை அமைப்பர். மற்றொரு சாரார் மரப்பிசினால் அமைப்பர். சிலர் மண்ணையும் குழைத்துக்கொள்வர். அஃறிணையைப் பற்றி ‘அமைப்பர்’ என்று எழுதியமை வழுவென்பதைத் தமிழாசிரியனாகிய யான் அறிவேன். அவற்றின் வேலையைப் பார்த்திருப்பவனுக்கு உயர்திணை விகுதி தானே வந்து விழுகின்றது. அன்பர்கள் திணைவழுவமைதியாகக் கொள்க.

யான் விலங்கியல் கற்றவனல்லன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலே தமிழ் பயின்று, தமிழே கற்பித்து வருபவன். அவ்வாறாயின் தேனீயிடத்து எனக்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். அதற்கு விடை ஒரு திறப்பிலே தொடங்குகின்றது.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யாம் கிளிநொச்சியை விட்டுக் கிழக்கு நோக்கி நடந்தபோது, என் தாயார் வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று எங்கெங்கோ இருந்து, ஈற்றிற் செட்டிகுளத்து முகாமுக்குச் சென்றோம். அவ்வழியில் எதை எதையோ விட்டோம். அத்திறப்பு மாத்திரம் அம்மாவோடு இருந்தது. 2010ஆம் ஆண்டு மீண்டு வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல்கள் இல்லை, ஒரு பக்கச் சுவரும் இல்லை. நடுக்கதவு மட்டும் நிலையோடு நின்றது. சுவரில்லாப் பக்கத்தால் உள்ளே செல்லலாமாயினும், அம்மா நேரே கதவண்டை சென்று, தலைப்பை அவிழ்த்துத் திறப்பை எடுத்தார். திறப்பு உட்புகவில்லை. துவாரம் முழுவதும் சாம்பல் நிற மண்ணால் அடைக்கப்பட்டு மெழுகப்பட்டிருந்தது.

யான் ஒரு தடி எடுத்து அதனைக் குத்த முயன்றேன். “உடைச்சுப்போடாதை தம்பி. குளவி கூடு வைச்ச வீட்டிலை பிள்ளை பிறக்கும்” என்று அம்மா தடுத்தார். ஆகவே இடிந்த பக்கத்தாலேயே வீட்டினுட் புகுந்தோம். மறு ஆண்டு என் தங்கைக்கு ஒரு பெண் மகவு பிறந்தது உண்மை. அதனாற் குளவிக்கு வரும் பெருமையை யான் மறுக்கப் போவதில்லை. ஆயின் அது குளவியன்று என்பதை அறிய எனக்குச் சில ஆண்டுகள் சென்றன.

வகுப்பறையிலேதான் அதனை அறிந்தேன். ஒருநாள் செய்யுட் பாடம் நடந்துகொண்டிருக்கையில், பின்வாங்கில் இருந்த மாணவன் எழுந்து, “சேர், குளவி!” என்று கூவினான். மேசையின் விளிம்பிலே, ஆணி கழன்ற துவாரமொன்றினுள் ஒரு பூச்சி போவதும் வருவதுமாக இருந்தது. செந்நிற மயிர் போர்த்த உடல். அடிவயிறு மாத்திரம் பொன்போல் மஞ்சள். மாணவர் அதனைக் கொப்பியால் அடிக்க முற்பட்டனர். எமது உயிரியல் ஆசிரியர் அவ்வழியாற் சென்றவர் உள்ளே வந்து பார்த்து, “வயிற்றைப் பாருங்கள், குளவிக்கு வயிற்றில் மகரந்தம் ஏது?” என்று கேட்டார். அவ்வொரு வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

தேன் தரும் தேனீயானது மகரந்தத்தைப் பின்னங்காலில் உள்ள கூடை போன்ற உறுப்பில் உருண்டையாக்கிக் கொண்டுசெல்லும். பேருதட்டுச் சாதியிற் பெண்ணுக்கு அவ்வுறுப்பு இல்லை. அதன் அடிவயிற்றில் அடர்ந்த மயிர்த் தூரிகை ஒன்று உண்டு. பூவின்மேல் அமர்ந்து வயிற்றைத் தேய்க்க, மகரந்தம் அதில் உலர்ந்த தூளாகவே ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் வயிறு தெரிந்தால் அது குளவியன்று எனத் துணியலாம். ஆண்களுக்கும் அப்பொழுதுதான் கூட்டிலிருந்து வெளிவந்த பெண்களுக்கும் இவ்வடையாளம் இராது என்பதையும் நினைவிற் கொள்க.

அக்கிழமையே உயிரியல் ஆசிரியரும் யானும் மாணவரை அழைத்து, கல்லூரி வளவிலே கைவிடப்பட்ட கொட்டிலில் இருந்து மூன்று மண்கூடுகளைப் பெயர்த்தோம். (மூன்றைப் பெயர்த்ததற்கு இன்றும் வருந்துகின்றேன், ஆயினும் கல்வியின் பொருட்டுச் செய்தோம்.) சுவரில் நீளவாக்கில் அப்பியிருந்த கூட்டை உடைத்தபோது, உள்ளே சிறு சிலந்திகள் நெருங்கக் கிடந்தன. மற்றையது சிறு முட்டி போன்று கழுத்தும் வாயும் உடையது. அதனுள்ளே பச்சைப் புழுக்கள், சாகாமலும் அசைய மாட்டாமலும் கிடந்தன. மூன்றாவது, வரிச்சுத்தடியின் துளையில் இருந்தது. அதனுள்ளே ஊன் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மஞ்சட் பசையாக மகரந்தமும் பூந்தேனும் குழைத்த ஒரு கவளம். அதன்மேல் அரிசியிற் பாதியளவு வெண்முட்டை ஒன்று. முதலிரண்டும் குளவிகள். மூன்றாவது நமது தேனீ.

இவ்விடத்தில் ஒன்று கூறாமற் செல்ல இயலவில்லை. குளவியானது புழுவைக் கொணர்ந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னுருவாக்கும் என்பது நம் சமய நூல்கள் கையாளும் உவமை. குருவானவர் மாணாக்கனைத் தன்வண்ணமாக்குதற்கு அதனிற் சிறந்த உவமை கிடையாது. யானே பலமுறை வகுப்பிற் கூறியிருக்கின்றேன். முட்டிக் கூட்டை உடைத்துக் காட்டியபோது, மாணவன் ஒருவன் என் முகத்தைப் பார்த்தான். புழு குளவியாவதில்லை; குளவி இட்ட முட்டை அக்கூட்டின் மேற்புறத்தில் மெல்லிய நூலிலே தொங்குகின்றது; அதிலிருந்து வரும் குஞ்சு அப்புழுக்களைத் தின்று குளவியாகின்றது. அவன் கேளாமலே அதனை யான் ஒப்புக்கொண்டேன். உவமை பொருளை விளக்குதற்கு வந்தது. அது தன் தொழிலை இன்றும் செய்கின்றது. ஆயின் உவமையை விலங்கியலாகக் கற்பித்தல் ஆசிரியனுக்கு அடாது.

இனி, அத்தாயின் தொழிலைக் காண்போம். இலைவெட்டி இனத்தை முதலிற் கொள்வோம். ரோசாச் செடியிலோ கடதாசிப்பூ மரத்திலோ துவரையிலோ, இலையின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் வட்டமாக நறுக்கியது போன்ற குறைகளைக் கண்டிருப்பீர்கள். மயிர்க்கொட்டி தின்ற இலை ஒழுங்கற்றுக் கந்தலாக இருக்கும். இதுவோ காசை வைத்துக் கீறியதுபோல இருக்கும். இலையின் விளிம்பிலே கால்களாற் பற்றி நின்று, தாடையை நகர்த்தி நகர்த்தி வெட்டிக்கொண்டே வரும். ஒரு துண்டுக்குச் சில விநாடிகள் போதும். வெட்டி முடியும் தறுவாயில் துண்டோடு தானும் விழாதவாறு சிறகை அடிக்கத் தொடங்கிவிடும். துண்டைச் சுருட்டி வயிற்றின்கீழ்த் தழுவியபடி பறக்கும்.

வெட்டுவது இரண்டு வடிவம். நீள்வட்டத் துண்டுகள் அறையின் சுவருக்கு. முழுவட்டத் துண்டுகள் மூடிக்கு. அளவுகோல் இல்லாமலே துளையின் அகலத்துக்கு ஏற்ற வட்டத்தை வெட்டி எடுத்துவரும். ஓர் அறைக்குப் பதினைந்தளவு இலைத்துண்டுகள் செல்லும். சுவர் முடிந்தபின் பூக்களுக்குப் போய் மகரந்தமும் தேனும் சேர்த்து, பாதிக்குமேல் நிரப்பி, ஒரு முட்டையை இட்டு மூடிவிடும். அம்மூடியே அடுத்த அறைக்கு அடித்தளம். இவ்வாறு ஒரு துளையினுள் அறைமேல் அறையாக, நாம் வெற்றிலைச் சுருள்களை அடுக்கியதுபோல அடுக்கி, வாயிலையும் அடைத்துவிட்டுப் போய்விடும். பின்பு திரும்பிப் பாராது. குஞ்சின் முகத்தைத் தாய் பெரும்பாலும் காண்பதில்லை. ஒரு பிள்ளைக்கு வேண்டும் உணவு முழுவதையும் முன்னரே அளந்து வைத்து மூடிச் செல்வதுதான் அதனுடைய தாய்மை.

ஆணோ பெண்ணோ என்பதும் தாயின் கையிலேதான் இருக்கின்றது. தேனீக்களிலும் குளவிகளிலும் கருவுற்ற முட்டை பெண்ணாகும்; கருவுறாத முட்டை ஆணாகும். தாய் தன் உடலிற் சேர்த்துவைத்த விந்தை முட்டைக்குக் கொடுத்தோ கொடாமலோ பாலைத் தீர்மானிக்கும். துளையின் உட்புறத்து அறைகளிற் பெண் முட்டைகளையும் வாயிலண்டை ஆண் முட்டைகளையும் இடும். ஆண்கள் முன்னதாக வளர்ந்து வெளியேறி, துளையின் வாயிலில் காத்திருக்கும். உள்ளே உள்ளவர் முன்னர் வெளிவரப் புறப்பட்டால் வழியில் இருப்பவரைச் சிதைத்தல்லவா வரவேண்டும்? இந்த ஒழுங்கை அதற்குக் கற்பித்தவர் யாருமில்லை.

பிசின் தேனீக்களின் தாடை வேறு வகையானது. இலை வெட்டும் கத்தி விளிம்பு அதில் இல்லை. பற்றி இழுத்து உருட்டிப் பூசுதற்கு ஏற்றதாக அகன்றிருக்கும். மரத்தின் காயத்தில் வடியும் பிசினை உருண்டையாக எடுத்துவந்து அறை அமைக்கும். இங்கே நமது சொல் ஒன்று நம்மை இடர்ப்படுத்துகின்றது. வேப்பமரத்தில் வடிவதையும் பிசின் என்கிறோம். விளாமரத்தில் வடிவதையும் பிசின் என்கிறோம். சாம்பிராணியாகப் புகைப்பதையும் பிசின் என்கிறோம். முதலிரண்டும் நீரிற் கரைவன அல்லது ஊறி இளகுவன. கொப்பியில் ஒட்டுதற்குச் சிறுவயதில் நாம் ஊறவைத்த பிசின் இதுவே. மற்றது நீரிற் கரையாது. நெருப்பிற் பிடித்தால் இளகி மணக்கும். தேனீ நாடுவது இக்கரையாப் பிசினையே. மாரி மழையில் ஈரம் ஏறாமலும், பூஞ்சணம் பற்றாமலும், எறும்பு நுழையாமலும் அது காக்கின்றது. நமது வேலிகளில் நின்ற கிளுவையின் பட்டையைக் கீறினால் நறுமணமுள்ள பால் வடிந்து இறுகும் அல்லவா? கிளுவையும், மேல்நாட்டார் போற்றும் வெள்ளைப்போளம் என்னும் வாசனைப் பொருளைத் தரும் மரமும் ஒரே சாதியின.

நமது நாட்டிற் காணப்படுவனவற்றுள் இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று, மார்பில் வெண்மயிரும் பின்னுடலிற் கருமையும் கொண்ட திசுயங்க்றா என்னும் இனம். இது பிசின் கூட்டத்தது. மற்றது லனாட்டா, இலத்தீன் மொழியிற் கம்பளி போர்த்தது என்று பொருள். செம்மயிர் போர்த்த உடலும், பூட்டுத் துவாரம், மூங்கிற்குழாய், ஆணித்துளை முதலியவற்றை மண்ணால் அடைக்கும் இயல்பும் உடையது. மேசை விளிம்பிற் கண்டதும், என் தாயார் திறப்பை வழிமறித்ததும் இதுவே எனக் கொள்கின்றேன். இவ்விரு சிற்றுயிர்க்கும் தமிழிற் பெயரில்லை. நிகண்டுகள் வண்டுக்குச் சுரும்பு, ஞிமிறு, தும்பி, அளி, மதுகரம், அறுபதம் என்று பெயர்களை வாரி வழங்கியிருக்கின்றன. தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை அறிவுவகையாற் பகுத்து, தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவுயிர் என்றார். இத்தனை பெயர் இருந்தும், நமது யன்னலில் வந்து குடியிருக்கும் ஓர் உயிரைக் ‘குளவி’ என்று அழைத்து அடித்துக் கொல்கின்றோம்.

இத்தவறு நம்மோடு நிற்கவில்லை. படிவளர்ச்சிக் கொள்கையை டாவினோடு ஒருங்கே வெளியிட்ட அல்பிரட் றசல் வாலசு, 1858-59ஆம் ஆண்டுகளில் இப்போது இந்தோனேசியாவுக்கு உரிய பச்சன் தீவில் ஒரு பெரும் பூச்சியைப் பிடித்தார். குளவி போன்ற கரிய பூச்சி, தாடையோ மிகப் பெரிது என்ற அளவிலேயே அவரும் அதனைக் குறித்து வைத்தார். அதுவே உலகில் மிகப் பெரிய தேனீ, மெகாக்கைலிச் சாதியினது, பெண் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர் நீளம் உடையது. மரத்திற் கறையான் கட்டிய புற்றைக் குடைந்து, அப்பெருந்தாடையாற் பிசின் சேர்த்து அறை அமைப்பது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக அதனை எவரும் காணாமையால் அழிந்துவிட்டது என்றே எண்ணினர். 1981ஆம் ஆண்டில் ஆடம் மெசர் என்பவர் அதனை மீண்டும் கண்டார். 2019ஆம் ஆண்டு தொடக்கத்திலே உயிருடன் நிழற்படம் எடுக்கப்பட்டது. கட்டைவிரல் அளவினதான ஓர் உயிர் இத்தனை காலம் மறைந்திருக்குமாயின், நகத்தளவினதான நமது தேனீயை நாம் அறியாதிருந்ததில் வியப்பில்லை.

இதற்குப் பகைவரும் உளர். முற்குறித்த ஒழுங்கெல்லாம் கண்டு, தாய் பூக்களுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, வேறொரு தேனீ வந்து அவ்வறையில் தன் முட்டையை இட்டுச் செல்லும். அதன் பின்னுடல் ஊசிபோற் கூர்த்திருக்கும். கிரேக்க மொழியில் அதற்கு இட்ட சாதிப்பெயரும் கூர்வயிறு எனப் பொருள்படுவதே. அம்முட்டையிற் பிறக்கும் குஞ்சு கூரிய தாடையால் வீட்டுப் பிள்ளையைக் கொன்றுவிட்டு, அதற்கென வைத்த உணவைத் தானே உண்டு வளரும். காகத்தின் கூட்டிற் குயில் இட்ட முட்டையை இது நினைப்பிக்கும். குயிலை நாம் கவிதையிற் பாடுகின்றோம். இக்கூர்வயிற்றுக்கு அந்த அதிட்டமும் இல்லை.

பழைய மாணவருட் கமக்காரர் பலர் உளர். அவர்கள், “இதனால் எங்களுக்கு என்ன ஆதாயம்?” என்று கேட்பது நியாயமே. மிகைப்படுத்தாமற் கூறுவதானால், நெல்லுக்கு இத்தேனீ வேண்டியதில்லை; காற்றுப் போதும். உழுந்தும் பயறும் பெரும்பாலும் தம்முள் தாமே கருவுறுவன. சணலின் கதை வேறு. வயலுக்குப் பசுந்தாட் பசளையாக நாம் விதைக்கும் சணலின் மஞ்சட் பூவிலே, ஆணும் பெண்ணுமாகிய உறுப்புகள் படகு போன்ற இதழுக்குள் மூடுண்டு கிடக்கின்றன. சிறிய பூச்சிகளால் அதனைத் திறக்க இயலாது. பாரமும் வலுவும் உள்ள தேனீ வந்து அமர்ந்து இதழை அழுத்த, உறுப்பு வெளியே நீண்டு அதன் வயிற்றிலே தேய்க்கும். அத்தேய்ப்பு இன்றேல் காய் பிடிப்பது அரிது. கருவண்டும் பேருதட்டுத் தேனீக்களுமே இத்தொழிலைச் செய்வன. 2021ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது, பசுந்தாட் பசளை என்ற சொல் மறுபடியும் எல்லார் வாயிலும் புழங்கியது. சணல் விதை எங்கே கிடைக்கும் எனக் கேட்டவர் பலர். அவ்விதை யாரால் உண்டாகின்றது எனக் கேட்டவரை யான் காணவில்லை.

துவரையும் அவ்வினத்ததே. துவரைப் பூவில் அதிகமாக வந்து பணிசெய்வன மெகாக்கைலித் தேனீக்கள் எனப் பாரத நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஐதராபாத்துக்கு அண்மையிற் பட்டஞ்சேருவில் உள்ள அனைத்துலகப் பயிராராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய கலப்பினத் துவரையானது 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் விதை உண்டாக்குதற்கு, மகரந்தமில்லாத செடிக்கு மற்றொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கவேண்டும். கோடிக்கணக்கான பூக்களில் மனிதக் கையால் அதனைச் செய்ய முடியுமா? அப்பணி முழுவதும் தேனீக்களிடமே விடப்பட்டிருக்கின்றது. கனடாவிலும் அமெரிக்காவிலும், குதிரைமசால் என்னும் கால்நடைத் தீவனப் பயிருக்காக இலைவெட்டித் தேனீ ஒன்றைப் பலகைத் துளைகளில் வளர்த்து, கூட்டோடு விலைக்கும் விற்கின்றனர். அப்பூவின் உறுப்புத் தெறித்து முகத்தில் அடிப்பதால், தேன் தரும் தேனீ அதனை அஞ்சிப் பக்கவாட்டிற் தேனை உறிஞ்சிக்கொண்டு ஓடிவிடும். இலைவெட்டியோ அடியைப் பொருட்படுத்தாது.

இனி வீடுகளின் செய்தி. மண்சுவரும் வரிச்சுத்தடியும் கிடுகு வேய்ந்த கூரையும் இருந்த காலத்தில், ஒவ்வொரு வீடும் இத்தேனீக்கு நூறு வாயில்களைத் திறந்து வைத்திருந்தது. இன்று சீமெந்துக் கல்லும் அலுமினியச் சட்டமும் வந்துவிட்டன. அவை வேண்டாமென யான் கூறேன். மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ்ப் புத்தகம் படித்தவன் அவ்வாறு கூறமாட்டான். ஆயினும் பூசி மெழுகிய சுவரிற் துளை ஏது? வேலியிற் பட்ட கிளுவையும் பூவரசும் நின்ற இடத்தில் கம்பி வந்தது. எஞ்சிய துளைகளிற் பூச்சிமருந்தும் அடிக்கப்படுகின்றது.

நமது பழைய மாணவர் பலர் வாழும் ரொறன்ரோ நகரைப் பற்றிய செய்தி ஒன்றை இங்கே சேர்க்கலாம். 2013ஆம் ஆண்டிலே அங்கு வெளியான ஆய்வொன்றில், இலைவெட்டித் தேனீ ஒன்று இலைக்குப் பதிலாகப் பொலித்தீன் பையை வெட்டி அறை அமைத்திருந்தமையும், பிசினை நாடும் மற்றொன்று யன்னல் இடுக்குகளுக்குப் பூசும் செயற்கைப் பசையை எடுத்திருந்தமையும் கூறப்பட்டிருக்கின்றன. பொலித்தீன் அறைக்குள்ளும் குஞ்சுகள் உயிரோடு வளர்ந்தன. ஊர் மாறிப் போனவர் கிடைத்ததைக் கொண்டு வீடு கட்டுதலை அறியாதவர் நம்முள் யார்?

எமது வகுப்பறையின் இறவாரத்தின்கீழ் மாணவர் மூங்கிற் துண்டுகள் சிலவற்றைக் கட்டித் தொங்கவிட்டனர். செய்முறை எளிது. ஒருபுறம் கணுவால் மூடப்பட்டு மறுபுறம் திறந்ததாக, ஒரு சாண் நீளத்துக்கு மூங்கிலை அறுக்க வேண்டும். துளை பென்சில் பருமனிலிருந்து சிறுவிரற் பருமன்வரை பலவாறாக இருத்தல் நன்று. மழை படாத இடத்தில், காலை வெயில் விழுமாறு, அசையாமற் கட்டவேண்டும். காய்ந்த பப்பாசித் தண்டும் உதவும். ஆயின் அது ஒரு மாரிக்கு மேல் நில்லாது. முதல் மாதம் எதுவும் வரவில்லை. சிலந்தி மாத்திரம் வலை பின்னியது. பின்னர் ஒரு துண்டின் வாய் மண்ணாலும் மற்றொன்றின் வாய் பச்சை இலையாலும் அடைபட்டன. கொட்டுமோ எனப் பெற்றோர் சிலர் அஞ்சினர். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. ஆயினும் காக்க வேண்டிய தேனும் கூட்டமும் அதற்கு இல்லாமையால், கையிற் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டுவது அரிது. இதுவரை எம் மாணவர் ஒருவரையும் கொட்டவில்லை. தமிழ்ப் பெயர் வேண்டுமென அவர்களிடமே கேட்டேன். இலைவெட்டி, பிசினி என்று இரண்டு பெயர்கள் நிலைத்தன. மஞ்சள்வயிறன் என்ற மூன்றாவதை, அது பெண்ணாதலால் வயிறி என்றே வரவேண்டும் எனத் திருத்தினேன். அவர்கள் ஏற்கவில்லை.

வீட்டுத்திட்டத்தில் எங்களுக்குப் புதிய வீடு எழுந்தபோது, பழைய நடுக்கதவைக் குசினிக்குப் போட்டோம். மேசன் பூட்டுத் துவாரத்தைக் கிண்டிச் சுத்தஞ் செய்யப் புறப்பட்டார். அம்மா விடவில்லை. மேலே கொளுக்கி ஒன்று அடித்து, ஆமைப்பூட்டுப் போட்டிருக்கின்றோம். பழைய திறப்பு சாமிப்படத் தட்டில் இருக்கின்றது. இவ்வாண்டு தை மாதத்திலும் துவாரம் அடைபட்டது. தங்கையின் மகள், கொப்பியும் பென்சிலுமாகக் கதவடியில் இருந்து, ஒருநாட் காலையிற் பதினொரு முறை மண் வந்ததாக எழுதி வைத்திருக்கின்றாள்.